கம்பி பேசாத நாட்கள்

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் நாகப்பட்டினத்தில் சட்டம். நடுவே கடல் கிடந்தால் என்ன, சட்டம் சட்டம்தான். என் தங்கை விசாலம் கல்யாணமாகிக் கோலாலம்பூரில் குடித்தனம் செய்துகொண்டிருந்தாள். அவள் மாசமாக இருக்கிறாள் என்று சேதி வந்த நாளிலிருந்து அம்மா என்னை ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகத் தின்ன விடவில்லை. "கூடப் பிறந்தவன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கே? போய்க் கூட்டிக்கிட்டு வாடா!" என்று சோற்றைப் போடும்போதெல்லாம் அதையும் சேர்த்துப் போட்டாள். அரிசி மண்டியைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். விசாலத்துக்கென்று அம்மா கட்டிய முறுக்கு டின்னும் அதிரசமும் மாவடு ஜாடியும் எனக்கு முன்னால் கப்பல் ஏறின.

கப்பலைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. போர்த்திப் படுத்தவன், கரை வந்ததும் எழுந்தேன். ஆனால் இறங்கிய பிறகும் தரை ஆடிக்கொண்டே இருந்தது. ரயிலில் உட்கார்ந்தாலும் ஆடியது, கோலாலம்பூர் ஸ்டேஷன் நடைமேடையில் நின்றாலும் ஆடியது. அந்த ஊரில் நான் கண்டதையெல்லாம் பாதித் தூக்கத்தில் பார்த்த மாதிரிதான் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்கு அந்த ஆட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம் மழை.

அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. நம் ஊர் ஐப்பசி மழை கோபக்காரன். வந்து கத்திவிட்டுப் போய்விடுவான். இந்த ஊர் மழைக்குக் கோபமே கிடையாது. காற்று இல்லை, இடி இல்லை, ஒரே சீராகப் பெய்துகொண்டே இருந்தது. அதன் சத்தத்தில் கண் தானாகச் செருகியது. ஸ்டேஷனிலும் பெரிய தெருக்களிலும் மின்சார விளக்குகள் பகலிலேயே எரிந்தன. ஈரத் தெருவில் அந்த மஞ்சள் வெளிச்சம் நீண்டு கிடந்ததைப் பார்த்துக்கொண்டே ரிக்‌ஷாவில் போனேன். மண்டியில் கணக்குப் பார்க்க எனக்கு ஒரு அரிக்கேன் விளக்கு போதும். இங்கே யாருமில்லாத தெருவுக்கு இத்தனை விளக்கா என்று வயிறு எரிந்தாலும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் விசாலத்தின் வீடு. தெருமுனைக்கு வந்ததும் ரிக்‌ஷாவின் ஒரு சக்கரம் சேற்றுக்குழியில் இறங்கிவிட்டது. இழுத்துவந்த சீனர் திரும்பி என்னையும் என் மூட்டைகளையும் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். பக்கத்து வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டே அதைத் தமிழாக்கினாள். "'ஆளு சின்ன ஆளு, ஜாடி பெரிய ஜாடி'ங்கிறாரு அண்ணே! இறங்கித் தள்ளுங்க லா!" அவள்தான் அஞ்சலை. அந்த ஊரிலேயே பிறந்தவள். மலாய், சீனம், தமிழ் எல்லாம் ஒரே வாயில் வரும், கடைசியில் அந்த ஊர் 'லா'வும் ஒட்டிக்கொண்டு வரும். முழங்கால் சேற்றில் இறங்கி, மாவடுவைத் தலையில் வைத்துக்கொண்டுதான் தங்கை வீட்டுக்குள் நுழைந்தேன்.

விசாலம் பூசினாற்போல் இருந்தாள். சந்தோஷமாக இருந்தது. மாப்பிள்ளை ராமலிங்கம் தந்திக் கம்பி வேலையில் இருந்தார். கம்பம் நடுவது, கம்பி இழுப்பது, அறுந்தால் போய் ஒட்டுவது. பேச்சு குறைவு. நான் பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் "ஆமா மச்சான்" என்பதோடு நின்றுவிடும். ஊரெல்லாம் பேசுவதற்குக் கம்பி கட்டுகிற ஆளுக்குப் பேச வரவில்லையே என்று விசாலத்திடம் கிண்டல் செய்தேன். "அவரு பேசாட்டா என்ன அண்ணே, ராத்திரி நான் தூங்கின பிறகு எழுந்து வந்து கொசுவலையைச் சரி பண்ணிட்டுப் போவாரு" என்றாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை என்னைச் சீனர் காப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். தடிப் பீங்கான் கோப்பையில் கரியாக ஒரு காப்பி, அடியில் ஒரு விரல் உயரத்துக்கு டின் பால். கலக்காமல் குடித்தால் கசப்பு, கலக்கினால் பாயசம். வாழையிலையில் சுருட்டிய தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் சம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் வந்தன. சோற்றில் தேங்காய்ப்பாலா என்று முகம் சுளித்தவன், இரண்டு பொட்டலம் தின்றேன். பக்கத்து மேசையில் ஒரு மலாய்க் கிழவரும் இன்னொருவரும் ஆற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "ஆறு தூங்குதாம். கிழவர் சொல்றாரு, தூங்கலே, கேட்டுக்கிட்டுக் கிடக்குதுன்னு." அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அன்று மத்தியானமே அவரைத் தேடி ஆள் வந்தது. கிளாங் பக்கம் தாழ்வான சதுப்பில் தண்ணீர் ஏறிக் கம்பங்கள் சரிந்துவிட்டன. கிளாங்குக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே கம்பி அறுந்துவிட்டது. கப்பல் துறை அந்தப் பக்கம், அரிசிக் கிடங்குகளும் ஆஸ்பத்திரி சாமானும் அந்தப் பக்கம். எங்கே தண்ணீர், எங்கே படகு வேண்டும் என்று ஒரு ஊர் இன்னொரு ஊருக்குச் சொல்ல வழியில்லை. மாப்பிள்ளை கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னும் சிலரோடு, சம்பான் என்கிற சீனப் படகில் ஏற ஆற்றங்கரைக்குக் கிளம்பினார். கம்பம் இல்லாத இடத்தில் தென்னை மரத்தில் கட்டுவார்களாம். விசாலம் வாசலில் நின்றாள். அவர் தெருவில் இறங்கிய பிறகு திரும்பி, "கதவைச் சாத்திக்கோ, சாரல் அடிக்குது" என்றார். ஏன்யா, பெண்டாட்டியிடம் விடை பெறுகிற லட்சணமா இது என்று எனக்குக் கோபமாக வந்தது.

அடுத்த நாள் ஆறு தெருவுக்கு வந்தது. ஓடி வரவில்லை, நடந்தும் வரவில்லை. வாசல் படியில் ஒரு தடவை பார்த்தால் இல்லை, மறு தடவை பார்த்தால் இருக்கிறது. தெருவில் செருப்பு ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டே போனது. பின்னால் ஒரு கோழிக்கூண்டு, அதன்மேல் கோழி, பயமே இல்லாமல். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் கூச்சல் கிளம்பும். இங்கே இத்தனை தண்ணீர் வந்தும் ஊர் ஊமையாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"ஊருல இருந்து வந்தவங்களுக்குத் தெரியாது லா. இப்பவே மேட்டுக்குப் போயிரணும்" என்று அஞ்சலை முதல் மூட்டையைக் கட்டினாள். பக்கத்திலிருந்த பங்சார் மேடு முழுவதும் ரப்பர்த் தோட்டம். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கே ஏறினோம். தோட்டத்துக் கங்காணி நல்ல மனசுக்காரர். ரப்பர்ப் பாலைத் தகடாக்கிப் புகையில் உலர்த்தும் பெரிய கொட்டகையை எங்களுக்குத் திறந்துவிட்டார். அந்தப் புகை நாற்றத்துக்கு முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டோம். பிறகு அது கதகதப்பாகி, எந்நேரமும் தூக்கம் சொக்கியது.

மேட்டிலிருந்து பார்த்தால் ஊர் இல்லை. தண்ணீர் இருந்தது, அதில் அங்கங்கே கூரைகள் இருந்தன. சாயங்காலம் தூரத்தில் மின்சார விளக்குகள் எரிந்தன. தண்ணீருக்கு மேலே ஒன்று, தண்ணீருக்குள்ளே ஒன்று என்று இரண்டு இரண்டாகத் தெரிந்தன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்து பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது எல்லாம் ஒரு நடுக்கம் நடுங்கி ஒன்றாக அணைந்தன. மின்சாரம் எடுக்கிற எஞ்சின் கொட்டகைக்குள் தண்ணீர் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். "அய்யோ" என்று ஒரே குரலில் எல்லோரும் சொன்னோம். அந்த விளக்குகளால் எங்களில் ஒருவருக்கும் ஒரு காசு லாபம் இல்லை, ஆனாலும் சொந்த வீட்டு விளக்கு அணைந்தது போலத்தான் இருந்தது. அஞ்சலை கங்காணியைப் பிடித்து நச்சரித்து, கொட்டகைக் கூரையில் பெரிய லாந்தர் ஒன்றைக் கட்ட வைத்தாள். அதைப் பார்த்துப் படகுகள் மேட்டைக் கண்டுபிடித்து வரலாம் என்பது அவள் கணக்கு. அப்படியே வந்தன.

விசாலம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணே, கம்பி ஒட்டியாச்சான்னு கேட்டுட்டு வாங்க."

தந்தி ஆபீஸ் ஸ்டேஷன் பக்கம் மாடிக் கட்டடம். சம்பானில் போய், ஜன்னலுக்கு நேரே இறங்கினேன். தரை உயரம் என்பதால் உள்ளே கணுக்காலளவு தண்ணீர்தான். கந்தையா மாஸ்டர் என்று யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் நெற்றியில் விபூதியுமாக, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "கை காலியாத்தானே இருக்கு? வாங்கோ, பிடியுங்கோ" என்று ஒரு கண்ணாடி ஜாடியை என் கையில் வைத்தார்.

அலமாரி அலமாரியாக அந்த ஜாடிகள்தான். அடியில் மயில்துத்தம் கரைந்த நீலம், மேலே தெளிந்த தண்ணீர், நடுவே கோடு கிழித்தாற்போல் ஒரு எல்லை. தந்திக் கம்பிக்கு உயிர் கொடுப்பது மின்சார எஞ்சின் இல்லையாம், இந்த ஜாடிகளாம். தண்ணீர் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். நீலமும் தெளிவும் கலந்துவிட்டால் அந்த ஜாடி செத்தது.

"ஆட்டாதேங்கோ! அரிசி மூட்டை எண்டு நினைச்சியளோ?"

"நான் அரிசி வியாபாரிதான், மூட்டை தூக்குறவன் இல்லை" என்று எனக்கும் ரோசம் வந்தது.

"ரெண்டும் தேவையில்லை. மெல்ல நடந்தாப் போதும்."

நடந்தேன். கப்பல் ஆட்டம் இன்னும் காலைவிட்டுப் போகாதவன், நீலத் தண்ணீரைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, படி படியாக ஏறினேன். கிளார்க்குகள், ஒரு சீனத் தச்சர், தந்திகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் மலாய் பியூன் மாட், ஸ்டேஷன் போர்ட்டர்கள் என்று எல்லோரும் அதே நடை. சாமி புறப்பாட்டில்கூட அவ்வளவு பயபக்தியாக யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. மாடியில் ஜன்னலோரம் வரிசையாக வைத்ததும் மழை வெளிச்சம் பட்டு அறையெல்லாம் நீலமாகிவிட்டது. எதற்கு வந்தேன் என்பதே சற்று மறந்து நின்றேன்.

பிறகு மாப்பிள்ளை பேரைச் சொல்லி, கம்பி ஒட்டியாச்சா என்று கேட்டேன். மாஸ்டர் தலையை ஆட்டினார். "கிளாங் கம்பி செத்துக் கிடக்கு. இந்தப் பக்கம் உயிரை வச்சிருக்கிறது எங்கட வேலை. அந்தப் பக்கம் ஒட்டுறது உங்கட மாப்பிள்ளையின்ர வேலை. ஒட்டினால் இது தானாப் பேசும்." அப்போதே வடக்கே போகிற இன்னொரு கம்பியில் டக்டக்கென்று ஏதோ பேசியது. அவர் குறித்துக்கொண்டார். "என்ன சேதி? கிளாங்கைப் பத்தியா?" என்று எட்டிப் பார்த்தேன். தாளைக் கையால் மூடிவிட்டார். "ஆருக்கு வந்ததோ அவைக்குத்தான். சத்தியம் பண்ணி இந்த வேலைக்கு வந்தனான். என்ர மனிசிக்கும் சொல்லமாட்டன்." எவ்வளவு கெஞ்சியும் மனிதர் மசியவில்லை. ஜாடி தூக்க மட்டும் நான் வேண்டும், சேதி சொல்ல வேண்டாமா என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் கம்பி செத்தே கிடந்தது. திரும்பி மேட்டில் ஏறும்போது விசாலம் மரங்களுக்கு நடுவே நிற்பாள். நான் தலையை ஆட்டுவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ரப்பர் மரங்கள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோல நிற்கும். மூடுபனி வேறு. அதற்குள் என் தங்கை போய்வருவதைப் பார்த்தால் நான் இன்னும் கப்பலில் போர்த்திப் படுத்துக் கனவு காண்கிறேனோ என்று இருக்கும்.

மழை விட்ட அன்று ஒரு கீரைத்தோட்டத்துச் சீனர் படகில் வந்து சேர்ந்தார். கொட்டகையில் கஞ்சி குடித்துக்கொண்டே அஞ்சலையிடம் ஏதோ சொன்னார். அவள் முகம் மாறியது. என்னைத் தனியாக அழைத்தாள். "அண்ணே, விசாலத்துக்கிட்ட சொல்லிராதீங்க. கம்பிக்காரங்க போன சம்பான் கவுந்துருச்சாம். இவரு கண்ணால பார்த்தாராம். அதுக்கப்புறம் யாரையும் பார்க்கலையாம்." சொல்ல வேண்டாம் என்று நாங்கள் தீர்மானித்தது வீண். கொட்டகை என்பது ஒரே அறை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சாயங்காலத்துக்குள் விசாலத்துக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. கஞ்சித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, காக்கி உடுப்பில் தந்தி பியூன் மாட் மேடேறி வந்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்களுக்குத் தந்தி என்றால் சாவு. கல்யாணத்துக்கு யாரும் தந்தி அடித்தது கிடையாது, பிள்ளை பிறந்ததற்கு அடித்தது கிடையாது. நாகப்பட்டினத்தில் தந்திக்காரன் தெருவுக்குள் நுழைந்தால், எந்த வீடு என்று தெரிவதற்கு முன்பே பத்து வீட்டில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கடல் கடந்து வந்தும் அந்த வழக்கம் மாறவில்லை. மரங்களுக்கு நடுவே காக்கியைப் பார்த்ததுமே பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மாட் கையில் உறையை நீட்டிக்கொண்டு, "விசாலாட்சி?" என்றான். அவ்வளவுதான். கொட்டகை முழுவதும் ஒரே ஓலம். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே எடுத்துவிட்டாள். மாட் மலாயில் ஏதோ சொன்னான். அது யார் காதிலும் ஏறவில்லை. என் கண்ணிலும் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் பேச்சில்லாத மாப்பிள்ளை, கொசுவலை சரிசெய்த மாப்பிள்ளை, போய்விட்டார்.

விசாலம் மட்டும் அழவில்லை. உறையை வாங்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். எனக்கு இங்கிலீஷ் சரக்குச் சீட்டு படிக்கிற அளவுக்குத் தெரியும். "குடும்மா, நான் படிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

"வேணாம் அண்ணே."

"படிக்காமல் எப்படிம்மா?"

"பிரிக்காத வரைக்கும் அவரு இருக்காரு. இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டுமே."

பக்கத்தில் உட்கார்ந்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி, கட்டாயப்படுத்தினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். வெயில் வந்தது. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெண்கள் அழுது ஓய்ந்து, யாரோ ஒருத்தி ஞாபகப்படுத்த மறுபடி அழுதார்கள். காலை மத்தியானமாயிற்று, மத்தியானம் சாய்ந்தது. விசாலம் உறையின்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

வெளியே வந்தால், மாட் இன்னும் அங்கேயே இருந்தான். ரப்பர் மரத்தடியில் பால்வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். இரக்கப்பட்டு இருக்கிறான் என்று நினைத்துப் பெண்கள் கடுங்காப்பி கொடுத்திருந்தார்கள். ஒருத்தி இரண்டாம் தடவையும் கொடுத்திருந்தாள். எனக்கு மனம் இளகியது. யாரோ ஒரு பிள்ளை, நம் துக்கத்துக்கு இவ்வளவு நேரம் இருக்கிறானே! அஞ்சலையை அழைத்து, "பாவம், போகச் சொல்லும்மா, ரொம்ப நன்றின்னு சொல்லு" என்றேன்.

அவள் மலாயில் சொன்னாள். அவன் எழுந்து கைகளை விரித்துப் படபடவென்று பேசினான். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா?"

"போக முடியாதாம் அண்ணே. பதில் வாங்காமப் போனா மாஸ்டர் தோலை உரிச்சிருவாராம். தந்தி அனுப்புன ஆளு பதிலுக்கும் சேர்த்துக் காசு கட்டியிருக்காங்களாம். காலையில வந்ததுமே சொன்னானாம். யாரும் கேக்கலையாம். அழுவுறவங்களை எப்படித் தொந்தரவு பண்றதுன்னு உட்கார்ந்திருக்கானாம்."

சாவுச் சேதி சொல்கிறவன் பதிலுக்குக் காசு கட்டுவானா? செத்துப்போனார் என்று சொல்லிவிட்டு, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று எந்தக் கேனப்பயலாவது கேட்பானா? உள்ளே ஓடினேன். வயதுக்கேற்ற ஓட்டம் இல்லை அது.

"விசாலம்! இது சேதி இல்லை, கேள்வி! யாரோ உன்னை ஏதோ கேட்டுட்டு, காலையிலேருந்து பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. குடு!"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

பிரித்தேன். அனுப்பியது கிளாங்கிலிருந்து, ராமலிங்கம். நாலைந்து வார்த்தைதான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் அவளுக்குச் சொன்னேன்.

"குவார்ட்டர்ஸில் யாரும் மிஞ்சவில்லை என்கிறார்கள். நீ இருக்கிறாயா?"

விசாலம், "அய்யய்யோ" என்றாள். அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, பயந்து, சின்னப் பிள்ளையாட்டம் அழுதாள். "காலையிலேருந்து அண்ணே! காலையிலேருந்து நான் பதில் சொல்லாம மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேனே! அவரு என்ன நெனச்சிருப்பாரு?"

இவள் அவரைச் சாகவிடாமல் கையால் மூடிவைத்திருந்த நேரமெல்லாம், அங்கே அவர் ஒரு கவுண்டர் முன்னால் நின்று, பதில் வராத ஒவ்வொரு நிமிஷமும் இவளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார். "என்ன எழுத? சீக்கிரம் சொல்லு" என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கேன்னு எழுதுங்க. அண்ணனும் இருக்காருன்னு எழுதுங்க. சாப்பிட்டீங்களான்னு கேளுங்க."

"இந்த நேரத்தில் இது கேள்வியா?"

"எழுதுங்க அண்ணே!"

எழுதினேன். மாட்டிடம் கொடுத்து அனுப்ப எனக்குப் பொறுமை இல்லை. இருவருமாகச் சேற்றில் வழுக்கிக்கொண்டு இறங்கினோம். தெருவில் தண்ணீர் வடிந்து முழங்காலளவுக்கு வந்திருந்தது. குவார்ட்டர்ஸ் வழியாகத்தான் போனோம். சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே சேற்றுக்கோடு. கிளாங்கில் சொன்னது பொய்யில்லை, அங்கே இருந்திருந்தால் யாரும் மிஞ்சியிருக்க மாட்டோம். மாட் ஓடினான், நானும் ஓடினேன். விழுந்தேன், எழுந்தேன், மறுபடி ஓடினேன்.

மாடியில் கந்தையா மாஸ்டர் எங்களைப் பார்த்ததும் எரிந்து விழுந்தார். "காலமை போன தந்திக்கு இப்பவோ மறுமொழி? பின்னேரமாச்சு! ஒரு சொல்லு எழுத இவ்வளவு நேரமோ? கிளாங் கிளார்க் என்னை எத்தினை தரம் கேட்டிட்டான் தெரியுமோ? உயிரோட இருக்கிறா எண்டு நானாச் சொல்ல ஏலாது, மறுமொழி அவவிட்ட இருந்துதான் வரவேணும்."

"மாஸ்டர், திட்டு வாங்க நான் தயார். முதலில் அனுப்புங்க."

உட்கார்ந்தார். ஜன்னலோரம் நீல ஜாடிகள் அசையாமல் நின்றன. அவர் விரல் தட்டியது. என் தங்கை சொன்னது அந்தச் சத்தமாகிப் போவதை நான் நின்று கேட்டேன். போகிற வழியெல்லாம் மாப்பிள்ளை இழுத்துக் கட்டிய கம்பி. சம்பான் கவிழ்ந்தது உண்மைதான். நீந்தித் தென்னந்தோப்பில் ஏறி, இரவு முழுக்க மரத்தில் இருந்து, விடிந்ததும் அதே மரங்களில் கம்பியைக் கட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தட்டி முடித்தார். தெருவில் யாரோ சேற்றை வாரிக் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு இயந்திரம் தானாகப் பேசத் தொடங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசியது. மாஸ்டர் பென்சிலை எடுத்தார், எழுதவில்லை, கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன சொல்றாங்க மாஸ்டர்? ஆருக்கு வந்ததோ அவங்களுக்குத்தான்னு சொல்லிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இது தந்தி இல்லை. கிளார்க் என்னோட சும்மா கதைக்கிறான். இதுக்குச் சத்தியம் இல்லை" என்றார். "மறுமொழியை வாசிச்சுக் காட்டினதும் அந்த மனுசன் கவுண்டருக்குக் கீழயே குந்திட்டாராம். சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டிருக்கிறா, அதுக்கு என்ன சொல்லுறதெண்டு கிளார்க் கேட்டிருக்கிறான்."

"அதுக்கு?"

"இனித்தான் சாப்பிடப் போறாராம்."

அந்தி மயங்குவதற்குள் மேடேறினேன். விசாலம் முதல் மரத்தடியிலேயே நின்றாள். மாஸ்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கும் சோறு போடச் சொல்லுங்க அண்ணே" என்றாள்.